ஆணியில் தொங்கிய திருக்கை வால்

நேற்று மார்க்கெட்டில் திருக்கை மீனின் வாலை வெட்டி வீசினார்கள். அந்தக் கவுச்சியில், லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் கொண்டுபோன எங்கள் ஓலைப் பள்ளிக்கூடம் அப்படியே எழுந்து வந்தது. காற்றடித்தால் சிலேட்டில் மணல் படியும், பாடத்துக்கு நடுவே என்ஜின் சத்தம் கேட்டால் யார் வீட்டுப் படகு என்று சொல்லிவிடுவோம், கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில் காய்ந்த திருக்கை வால் ஒன்று சாட்டைபோலத் தொங்கும். பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பன் தன் கையால் அதை டீச்சரிடம் கொடுப்பது எங்கள் குப்பத்து வழக்கம். அப்போது தொங்கியது என் நைனா கொடுத்த வால்.

இறால் நிறையப் பட்ட வாரம் ஒன்றில் மூன்று நாள் நான் போகவில்லை. நான்காம் நாள் நைனாவே கொண்டுவந்து விட்டு, எல்லா அப்பன்களையும்போல, "நாலு போடு டீச்சர், அப்பதான் படிப்பு ஏறும்" என்றார்.

டீச்சர் வாலை எடுத்துக்கொண்டு என்னிடம், "மூணு நாளா எங்கடி போன?" என்றார்.

"நைனாதான் வலையில எறா பிரிக்க வெச்சிக்கினாரு."

டீச்சர் நைனா பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க கைய நீட்டுங்க."

நைனா நீட்டினார். இறால் முள் குத்திக் கன்றிப்போயிருந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீச்சர் வாலைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

மறுநாளும் வலை நிறைய இறால். நைனா என் பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டு, தானே உட்கார்ந்து பிரித்தார்.