குழிக்குள் பெரிய வாத்தியார்

மலாய் நாட்டில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியரைத் தோட்டமே பெரிய வாத்தியார் என்றது. நான் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடமான ஓவியம் என் பொறுப்பு.

ஒருமுறை அலோர் காஜா டவுனுக்குப் போன பெரிய வாத்தியார் ஒரு புத்தகத்தோடு திரும்பினார். அட்டையில் அணுகுண்டுப் புகை. உலகம் அழியும்போது உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம். எழுதியவர் ஏற்கனவே ஓர் அழிவிலிருந்து தப்பி வந்தவர் போல அத்தனை உறுதியாக எழுதியிருந்தார்.

"டீச்சர், ஓவியத்தை நிறுத்திடுங்க. உலகமே எரியப் போவுது, இதுங்க வாழைப்பழம் வரைஞ்சிகிட்டு இருந்தா எப்படிலா?"

"அப்ப அந்த நேரத்துல என்னாங்கய்யா செய்யறது?"

"உயிர் பிழைக்கிற பாடம். நானே எடுக்கிறேன்."

தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, அரிசிக்கு ரேஷன், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. இது போதாதென்று வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு உலகமும் அழிந்தது.

பள்ளிக்குப் பின்னால் அவரே ஒரு குழி வெட்டினார். காலி பிஸ்கட் டின்னைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதில் இறங்கி நூறு வரை எண்ணுவார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும். சும்மா பார்த்தால் சிரித்துவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "பார்க்கிறதை அப்படியே வரைங்க" என்றேன். அவர்கள் குறிப்பெடுக்கிறார்கள் என்று நினைத்து அவர் பூரித்துப்போனார்.

உணவையும் சேர்த்து வைக்கச் சொன்னது புத்தகம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று, அப்போது கடைகளில் மத்தி டின்னைச் சேர்த்து வைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் விற்பார்கள். பெரிய வாத்தியார் ரப்பர் பாலால் ஓட்டைகளை அடைத்து, தன் ரேஷன் அரிசியோடு டின்களையும் குழியின் அடியில் புதைத்திருக்கிறார். சாப்பாட்டு வேளையாகப் பார்த்துப் பெற்றோரைச் சந்திக்க அவர் வீடு வீடாகப் போன காரணம் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

பத்தே நாளில் நாற்றம் எழுந்தது. வாசல் சோதனைக்கு வந்த போலீஸார் மூக்கைப் பிடித்துக்கொண்டு நேராகக் குழிக்கே வந்து, அரிசியையும் டின்களையும் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

"யாருக்காகப் புதைத்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார் இன்ஸ்பெக்டர். பயத்தில் பெரிய வாத்தியாருக்கு மலாய் மறந்துவிட்டது. புத்தகத்தை நீட்டினார். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. அட்டையில் குண்டு வெடிப்பதைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் இறுகியது. பெரிய வாத்தியாரை லாரியில் ஏறச் சொன்னார்.

வாரக்கணக்கில் அவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள் நான். வெள்ளைக் கால்சட்டையெல்லாம் சேறாகக் கைகூப்பி நின்றவரைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் அலமாரியிலிருந்த படங்களை அள்ளிவந்து பெஞ்சில் பரப்பினேன்.

முப்பது பிள்ளைகளின் படங்கள். எல்லாவற்றிலும் அதே ஆள், அதே குழி, தலையில் அதே டின். ஒரு படத்தில் தொந்தி குழி வாயில் சிக்கியிருந்தது. இன்னொன்றில் டின்னுக்கடியில் மீசை மட்டும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் கண்ணெதிரே நடந்த பாடம்தான் இது என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். நான்காவது படத்தில் இன்ஸ்பெக்டரின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"சிக்கு," என்று டீச்சருக்கான மலாய்ச் சொல்லால் என்னை அழைத்தார். "இவரைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு கம்யூனிஸ்டுகள் என்ன செய்வார்கள்?"

அரிசியைப் பறிமுதல் செய்து, டின்களைத் தூரத்தில் புதைக்கச் சொல்லி, பெரிய வாத்தியாரைக் கடுமையாக எச்சரித்துவிட்டுப் போனார். போகும்போது தொந்திப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரிய வாத்தியார் மிச்சப் படங்களை வெகுநேரம் பார்த்தார்.

"என் வயிறு இவ்ளோ பெருசாவா இருக்கு, டீச்சர்?"

"முப்பது பேரும் அப்படித்தாங்கய்யா வரைஞ்சிருக்காங்க."

அடுத்த வாரம் ஓவியம் திரும்ப வந்தது, இரண்டு பாடவேளையாக. சில மாதம் கழித்து வந்த கல்வி அதிகாரி, தோட்டப் பள்ளிக்கு எதற்கு இவ்வளவு ஓவியம் என்று கேட்டார்.

பெரிய வாத்தியார் விறைப்பாக எழுந்து நின்றார். "நாட்டுப் பாதுகாப்புக்கு, சார்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெட்டி நிறையக் கலர் பென்சில் வந்தது.