பொட்டு வைத்த தகடு

என் ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே, ஏழுமலையான் படத்தை ஒட்டி, தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல்நிறத் தகடு இருக்கிறது. திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போகும் பக்தர்கள் அதை மந்திரத் தகடு என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை; சும்மா வரும் மரியாதையைக் கெடுப்பானேன்? அதன் நடுவில் ஒரு காசளவு இடம் மட்டும் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக அரித்திருக்கிறது.

கொடுத்தவர் மேடம். பத்தாவதில் கோட்டைவிட்டு விஜயபுரத்திலிருந்து வந்த நான், திருப்பதியில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வேன் ஓட்டினேன். கடல்நீரைக் கேன் கேனாகக் கொண்டுவருவது என் வேலை. "கருவாடு போடப்போறீங்களா மேடம்?" என்று கேட்டேன். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சிரித்துவிட்டார். "அணு உலையில எரிஞ்ச கம்பிங்கள தண்ணித் தொட்டியில நிறுத்தி வெச்சிக்கினு இருப்பாங்க நைனா. அதுலேர்ந்து நியூட்ரான்னு ஒண்ணு பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துக் கம்பியில முட்டுனா மறுபடி எரிய ஆரம்பிச்சிடும். நடுவுல இந்தத் தகடு நின்னுக்கினு அதைத் துன்னுடும்." அலுமினியத்தில் போரான் கலந்த தகடு. ஆபத்துக் காலத்தில் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் தொட்டியில் கடல்நீரைத்தான் இறைக்க வேண்டும். அந்த உப்பு இந்தத் தகட்டையே தின்றுவிடுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அப்பளத்தைவிடச் சற்றே தடித்த ஒரு தகடு இரண்டு நெருப்புகளுக்கு நடுவே காவல் நிற்கிறதா!

ஆயுத பூஜையன்று தராசு, நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கடல்நீரில் இறக்கவிருந்த தகடுகளில் ஒன்றுக்கு மேடமும் பொட்டு வைத்தார். "பொண்ணு ரெடி, மாப்ள எங்க மேடம்?" என்றேன். "நீ கேன்ல இட்டாந்தியே, அவன்தான்" என்றார். வைத்த பொட்டை அன்றே அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. தண்ணீரே கரைத்துவிடும் என்று அப்படியே இறக்கிவிட்டார்.

மாதங்கள் கழித்து வெளியே எடுத்தபோது மற்ற தகடுகள் மேலே மங்கி, உள்ளே முழுசாக இருந்தன. பொட்டு மட்டும் கரையாமல் பொருக்காகி ஒட்டியிருந்தது. சுரண்டினால், அடியில் இந்தக் குழிகள். மேடத்தின் முகம் வெளுத்தது. வேலையைத் தொடரலாமா என்று முடிவு சொல்ல மேலிடத்துப் பெரியவர்கள் வரவிருந்தார்கள்.

"இத மட்டும் என் ஜோபில போட்டுக்கினு பூடறேன் மேடம். மத்ததெல்லாம் நல்லாத்தானே கீது?"

அவர் தகட்டை உள்ளங்கையில் வைத்துக் குழிகளை விரலால் தடவினார். "கடல்ல சேறு இல்லியா நைனா? அது ஒட்டுனா, அங்கியும் அடியில இப்டித்தான் துன்னும். இத மறைச்சிட்டு நான் எப்டித் தூங்கறது?"

நான் டீ எடுத்துப் போனபோது அந்தத் தகட்டைத்தான் எல்லோர் முன்னும் நீட்டிக்கொண்டிருந்தார். பொட்டு வைத்தது தான்தான் என்று தெலுங்கில் சொன்னார். ஒருவர் சிரித்தார். மேலே ஏதாவது படிந்தால் உப்பு அதற்கடியில் ஒளிந்து தோண்டுகிறது என்று மேடம் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது. தகடு தாங்கும் என்று இப்போது சொல்ல முடியாது, முதலிலிருந்து செய்யுங்கள் என்றார்கள். அழுதுகொண்டு வருவார் என்று வாசலில் காத்திருந்தேன். வந்தவர் கண்ணில் அப்படியொரு வெளிச்சம்! "வேன எடு நைனா. இந்தத் தபா தண்ணியோட சேறும் வேணும்."

மேடம் இப்போது வேறு ஊரில். போகும்போது இதை என் கையில் வைத்துவிட்டுப் போனார். போன ஆயுத பூஜையில் ஆட்டோவின் சக்கரம், ஹாரன் என்று ஒன்று விடாமல் சந்தனம் அப்பினேன். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏன்டா, சாமித் தகட்டுக்குப் பொட்டு வெக்கலியா?"

ஈரத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "அதுக்கு மேடம் வெச்சிட்டாங்கண்ணா."