பால்ரஸ் ஒட்டிய எக்ஸ்ரே

எக்ஸ்ரே ஜெயசீலன் அண்ணன் போய்விட்டார். காலையில் பழனிசெட்டிபட்டியிலிருந்து அவர் மகன் போன் செய்தான்.

கமெண்டில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

எண்பதுகளில் தேனியில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரி. அண்ணன் அங்கே எக்ஸ்ரே எடுப்பவர். நான் எதிர்மாடி கம்ப்யூட்டர் சென்டரில் பேசிக் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தவன்.

ஏலத்தோட்ட ஜீப் கவிழ்ந்து, கால் எலும்பு கோணலாகச் சேர்ந்தவர்கள் நிறைய வருவார்கள். வெட்டி நேராக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்பதெல்லாம் டாக்டரின் கண்மதிப்புதான்.

அண்ணனுக்கு அது பொறுக்காது. பிலிமை கிராஃப் பேப்பரில் டிரேஸ் எடுத்து என்னிடம் கொண்டு வருவார். நான் புள்ளிகளை டைப் செய்வேன். எங்கே, எத்தனை மில்லிமீட்டர் வெட்டுவது என்று புரோகிராம் சொல்லும்.

முதலில் எல்லாமே தப்பு... பிலிமில் எலும்பு நிஜத்தைவிடப் பெரிதாக விழும். நான் அதை யோசிக்கவே இல்லை.

அண்ணன் ஒரு சைக்கிள் பால்ரஸை, அந்தச் சின்ன இரும்புக் குண்டை, முழங்கால் பக்கத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி எக்ஸ்ரே எடுத்தார். பால்ரஸின் அளவு தெரியும். பிலிமில் அது எத்தனை மடங்கு பெருகியதோ, எலும்பும் அத்தனை மடங்கு. அவ்வளவுதான் விஷயம்.

மயிலாடும்பாறைக்காரர் ஒருவர் பிலிமைப் பார்த்துப் பதறிவிட்டார். "எங்கால்ல குண்ட வச்சுத் தச்சுட்டாகளா?"

டாக்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினார். "இது ஆஸ்பத்திரியா, சைக்கிள் கடையாய்யா?"

ஆறேழு கால்கள் நேரான பிறகு, அதே டாக்டர் மதுரை டாக்டர்கள் மாநாட்டில் பேப்பர் வாசித்து, அந்தப் பால்ரஸை ஸ்லைடு போட்டுக் காட்டினார். "மை ஓன் ஐடியா" என்றார். கைதட்டினார்கள்.

நான் முன்வரிசையில் இருந்தேன். பெங்களூர் வேலைக்கு டாக்டர் தந்த சிபாரிசுக் கடிதம் என் பையில். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அண்ணன் கேட்டார். "எம் பேரச் சொன்னாகளா தம்பி?"

"சொன்னாகண்ணே."

"நெசமாவா?"

"ரெண்டு தடவ சொன்னாக."

அதை இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"சித்தப்பா, அந்தப் பேப்பர் ஒங்ககிட்ட இருக்குனு அப்பா சொல்லுவாக. அவுக பேரு இருக்க பக்கத்த மட்டும் அனுப்புங்க. போட்டோவுக்குப் பக்கத்துல வைக்கணும்."

மாநாட்டில் அச்சடித்துக் கொடுத்த அந்தப் பேப்பர் இருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று டாக்டருடையது. இன்னொன்று என்னுடையது.

நாலு மணிக்கு அடக்கம். நான் வரவில்லைண்ணே...

போய்ட்டு வாங்க.