திருவிருந்து வரிசையில் என் மகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபது. பிரசங்கம் முடிந்து திருவிருந்து தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பெஞ்சாக எழுப்பி ஆட்களை முன்னால் அனுப்புவது சபைக் கமிட்டிச் செயலாளரான என் வேலை. பெண்கள் பக்கம் ஏழாவது பெஞ்சு எழுந்தபோது அதில் என் மகளும் இருந்தாள். நான் கையை நீட்டி மறித்தேன். "நீ போகண்டாம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பாடகர் குழு ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்காத நேரம் அது.

அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் நகர முடியாமல் நின்றார்கள். பிறகு பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். நான் கையை இறக்கி, அடுத்த பெஞ்சை எழுப்பினேன். இதை எழுதும்போது என்னை அதிகம் உறுத்துவது அதுதான். அடுத்த பெஞ்சை எழுப்பினேன்.

அன்று காலை ஆறு மணிக்கு அடுக்களையில் வைத்து என் மனைவி விஷயத்தைச் சொல்லியிருந்தாள். மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து லீவில் வந்து திரும்பியிருந்தான். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஓலை என்று சொல்லும் கல்யாண அறிவிப்பைக் கோவிலில் ஒரு ஞாயிறு வாசித்தும் ஆயிற்று. இப்போது மகளுக்கு இரண்டு மாதம்.

நான் மகளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சவரம் செய்துகொண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய கமிட்டிக் கூட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் ஒருவரின் மகள் இதே நிலையில் இருந்தாள். அவளுக்கு மணியடிக்காமல், பாட்டில்லாமல், வாரநாளில் கோவிலின் பக்க அறையில் வைத்துத் தாலி கட்டினால் போதும் என்று வாதாடியவன் நான். ஐயர் — போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் — வேறு வழி பார்க்கலாமே என்றார். ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். அவர் அடங்கிவிட்டார். இன்று என் மகளை மட்டும் திருவிருந்துப் பந்திக்கு அனுப்பினால் தையல்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தப் பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சாரே, இதுதான் சாட்சி. சொந்தப் பிள்ளைன்னு பார்க்கல்லியே." எனக்கு அது இதமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

வீட்டில் மகள் இல்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. பஸ் ஏறி அங்கே போயிருக்கிறாள். கமிட்டிக்காரர் கை குலுக்கிய கதையை நான் சொன்னபோது என் மனைவி, "அப்படியா, இனி அவரே வந்து சோறு பொங்கித் தரட்டும்" என்று உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஐயர் வந்தார். காப்பி வேண்டாம் என்றார்.

"நேத்து சாயங்காலம் திருவிருந்துக்கான ஆயத்த ஆராதனை முடிஞ்சதும் அவ எங்கிட்ட வந்தா சார். எல்லாம் சொல்லி அழுதா. ஜெபம் பண்ணினோம். நாளைக்குப் பந்திக்கு வா மக்களேன்னு நான்தான் சொன்னேன்."

நான் விடாமல் கேட்டேன். "அப்போ பாவம் பாவமில்லியா ஐயரே?"

"பாவம்தான். அவகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அந்தப் பையன்கிட்ட போன்ல இன்னும் கடுமையாச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு பேரும் என் முன்னால வந்து உட்காரணும். ஆனா மனம் வருந்தி வந்த பிள்ளையை வராதேன்னு சொல்ல எனக்கே அதிகாரம் இல்ல. உங்களுக்கு யாரு தந்தா?"

பிறகு அவர் குரல் தாழ்ந்தது. தையல்காரர் மகள் விஷயத்தில் எனக்குப் பயந்து வாயை மூடியது தன் குற்றம் என்றார். மறுநாள் அந்த வீட்டுக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றார். போனேன். தையல்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். அந்தப் பெண்ணும் குழந்தையோடு அங்கே வந்திருந்தாள். நாங்கள் எழுந்து புறப்படும்வரை அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

செயலாளர் பொறுப்பு இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இருபது வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் கிருபை என்றால் தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அந்தத் தகுதியில்லாதவன் எப்போதும் வேறு ஒருவனாகவே என் மனதில் இருந்தான். இரண்டு முறை மார்த்தாண்டம் போனோம். மகள் அம்மாவை மட்டும் உள்ளே வரச் சொன்னாள். நான் கேட்டுக்கு வெளியே ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொடிப் பக்கம் நின்றேன். கல்யாணம் இனி மாப்பிள்ளையின் சபையில்தான் என்று என் மனைவி வந்து சொன்னாள். மகள் இனி இந்த வீட்டுப் படி ஏறுவாளா என்று பஸ்ஸில் கேட்டேன்.

அந்த ஞாயிறு கழிந்து ஒன்பதாம் நாள் மத்தியானம் மகளே வந்தாள். அந்தச் சபைக்குக் கொடுக்க ஞானஸ்நானச் சான்று வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். "அப்பா பெரிய தப்புப் பண்ணிட்டேன் மக்களே" என்றேன்.

"தெரியும். நான் மன்னிச்சாச்சு" என்றாள். சான்றைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "கல்யாணத்துக்கு வாங்க. ஆனா முன்வரிசையில இருக்கண்டாம்ப்பா. உங்களைக் கண்டா எனக்குப் பீடத்துக்கு முன்ன முழங்கால் போட வராது."