பல் பட்ட ஈயக்குண்டு

என் மேஜை டிராயரில் ஒரு ஈயக்குண்டு கிடக்கிறது. வலையின் அடிப்பக்கத்தில் பாரத்துக்குக் கோப்பார்களே, அந்தக் குண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதன் நடுவில் இரண்டு பள்ளம். பார்க்கிறவர்கள் எல்லோரும் எலி கடித்ததா என்றுதான் கேட்கிறார்கள். எலிக்கு வேறு வேலை இல்லையா, ஈயத்தைப் போய்க் கடிக்க. அது என் பெரியப்பாவின் பல் பட்ட இடம்.

அந்தக் குண்டை நான் எடுத்துப் பார்த்துப் பல வருடமாகிவிட்டது. போன மாதம் எடுக்க வைத்தது ஒரு கொரிய நாடகம். என் மகள் எந்நேரமும் அந்த நாடகங்களையே பார்க்கிறாள். நான் கிண்டல் செய்துகொண்டே காய் நறுக்குவேன். அன்றைக்கு, "அம்மா, இது ஒரே ஒரு மணி நேரம்தான், கடலோர ஊரு, உனக்குப் பிடிக்கும், வா" என்று இழுத்து உட்கார வைத்தாள். அதில் அப்பாவாக நடித்தவர் எத்தனையோ வருடமாக நடிக்கிறவராம். முகம் முழுக்கச் சுருக்கம், ஒட்ட வெட்டிய நரைத்தலை. பேர் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மீன்பிடி ஊரில் தனியாக இருக்கும் கிழவர். மகள் பட்டணத்திலிருந்து வந்திருக்கிறாள். மறுநாள் வெளிநாட்டுக்குப் போகப்போகிறாள், திரும்பி வரும் எண்ணம் இல்லை. அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லி அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அவளுக்கு மீன் சுட்டு வைத்து, சின்ன வயதில் செய்ததுபோல முள் எடுத்துக் கொடுக்கிறார். அந்த இடத்தில்தான் அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். சதையை முள் போடும் கிண்ணத்தில் போட்டுவிட்டு, முள்ளைக் கொண்டுபோய் மகளின் சோற்றில் வைத்துவிட்டார். வைத்த பிறகு பார்த்தார். கண் கலங்கவில்லை, உதடு நடுங்கவில்லை, பின்னால் வயலினும் அழவில்லை. ஒவ்வொரு முள்ளாகத் திரும்ப எடுத்தார், எப்போதும் அப்படித்தான் பரிமாறுவது என்பதுபோல.

நான் வேலை பார்த்தது தாலுக்கா ஆபீசில். வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று கேட்டு வருகிறவர்கள் பொய் சொல்லும்போது முகம் எப்படி ஆகும் என்பதை மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து முப்பது வருடம் பார்த்தவள். சினிமாவில் யாராவது மனசுக்குள் ஒளித்துவைத்து நடித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒளிக்கிறேன், ஒளிக்கிறேன் என்று கத்தாத குறையாக நடிப்பார்கள். இந்தக் கொரியக் கிழவர் முகத்தில் அது இல்லை. முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டார், தப்பு கையில் வந்தது. பொய் சொல்கிற நல்ல மனிதர்களுக்கு அங்கேதான் வரும். அதை ஒருவர் வேண்டுமென்றே நடித்துக்காட்ட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. நடிக்கத் தெரியாத ஒருவர் அப்படித் தப்பு செய்ததைத்தான் நான் பார்த்திருந்தேன்.

எங்கள் குப்பம் தோணிரேவுக்கு எதிரே, கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல்மேட்டில். ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பேர். எல்லாப் பாடும் ஒன்று கிடையாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாட்டில் தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் இறால் தானாக வந்து வலையில் விழும். கடைசிப் பாட்டில் முழங்கால் சேறும் பாசியும்தான். அதனால் இறால் பருவம் தொடங்குமுன் ஊர் கூடிச் சீட்டு எடுக்கும். காகிதச் சீட்டு இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளமாக ஒரு பொருளைப் பானையில் போட வேண்டும். சிப்பி, புளியங்கொட்டை, முடிச்சுப் போட்ட கயிறு, எது வேண்டுமானாலும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். முதலில் வருகிறவருக்கு முதல் பாடு, கடைசியில் வருகிறவருக்குச் சேறு. விழுந்த பாட்டை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டால் வல்லவன் இளைத்தவனிடமிருந்து வாங்கிக்கொள்வான் என்று அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்த கட்டுப்பாடு.

எங்கள் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அடையாளம் அவருடைய கல்யாணச் சட்டையின் நீலப் பொத்தான். பெரியப்பாவின் அடையாளம் இந்த ஈயக்குண்டு. பானையில் போடுமுன் ஒரு கடி கடித்துவிட்டுப் போடுவார். அது ராசி என்று அவருக்கு எண்ணம். இருபது வருடமாகக் கடித்ததில் பள்ளமே விழுந்துவிட்டது. ஊரில் யாரைக் கேட்டாலும் அது யாருடைய குண்டு என்று சொல்வார்கள்.

எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, நைனா மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். தம்பிக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அவன் ஆளாகும் வரை சீட்டில் நைனாவின் பங்கு எங்கள் வீட்டுக்கே இருக்கட்டும், வலை கட்ட ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று ஊர் சொன்னது. ஆனால் ஊரை விட்டுப் போனால் பங்கு போய்விடும், பிறகு தம்பிக்கும் கிடையாது. அம்மா வைராக்கியக்காரி. யார் வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் குழம்பு வாங்கமாட்டாள். அம்மா பெரியப்பாவை மாமா என்று கூப்பிடுவாள். அவரிடம் அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நல்ல பாடு வந்தா இருக்கேன் மாமா. சேறு வந்தா புள்ளைங்கள இட்டுனு ஆரம்பாக்கம் போயிடுறேன், எங்க அண்ணன் வூட்டுக்கு. எவனாவது பாவம் பாத்துப் போடுற சோறு எனக்கு வாணாம். நீங்க போட்டாலும் அதே கதைதான்."

பெரியப்பா "சரிம்மா" என்றார். அவர் பேசுவதே அவ்வளவுதான்.

சீட்டு நாளன்று அம்மா கொஞ்சம் மஞ்சள் இழைத்து அந்தப் பொத்தானுக்குத் தடவினாள். அவள் தன் முகத்துக்கு மஞ்சள் தொட்டு மூன்று மாதமாகியிருந்தது. நைனா காமாலையில் போனதிலிருந்து வீட்டில் குழம்புக்குக்கூட மஞ்சள் போடுவதில்லை. பொத்தானை வாசலில் பெரியப்பா கையில் கொடுத்தாள். நான் அவர் பின்னாலேயே ஓடினேன். கோயில் பக்கம் திரும்பியதும் அவர் நின்று, "உங்க நைனாவுது. நீயே போடு" என்று பொத்தானை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். நான்தான் பானையில் போட்டேன். பிறகு அவர் தன் குண்டைக் கடித்துப் போட்டார்.

முதலில் வந்தது ஈயக்குண்டு. பூசாரி அதைத் தூக்கிக் காட்டினார். பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. சிப்பி வந்தது, கயிறு வந்தது, ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. பானைக்குள் கடைசியாக மிஞ்சியது எங்கள் பொத்தான்.  ஆரம்பாக்கத்தில் மாமா வீட்டுப் பிள்ளைகளோடு ஆடு மேய்க்கவேண்டியதுதான், பள்ளிக்கூடம் போச்சு என்று அங்கேயே நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் பெரியப்பா எழுந்தார். "ஒண்ணு சொல்லணும். இந்த வாட்டி நான் மாத்திப் போட்டுட்டேன். குண்டு தம்பி வூட்டுக்கு. பொத்தான்தான் எனக்கு" என்றார்.

 பொத்தானைப் போட்ட நான் அவர் இடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். அவர் குண்டைக் கடித்ததை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும், "இன்னாபா இது, இருவது வருசமா நீ கடிக்கிற குண்டு..." என்று ஆரம்பித்தார். ஊர்த் தலைவர் அவரைப் பார்த்தார், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மாத்திப் போட்ட?" என்றார் தலைவர்.

"வயசாவுது. கை மாறிப்போச்சு."

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து கூட இருக்காது. தலைவர் அவரையும் என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "கை மாறிப்போச்சுன்றான். அப்படியே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். பெரியப்பா முகத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டால் சொல்வாரே, அந்த முகம். திரும்பி வரும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அம்மா கேட்டா இன்னா சொல்லுவ?" "நீங்கதான் பொத்தான போட்டீங்கனு. நான் பாக்கலனு." "ஆங்" என்றார்.

வீட்டில் அம்மா கேட்டாள். நான் சொன்னேன், மூச்சு விடாமல் சொன்னேன். பெரிப்பா கை மாறி குண்டை நமக்குப் போட்டுட்டாரு, பொத்தானையும் அவரேதான் போட்டாரு, நான் தொடவே இல்ல. அம்மா குண்டை வாங்கி மாடத்தில் வைத்தாள். பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு, என் வலது கையைப் பிடித்துத் தானே கழுவிவிட்டாள். அவள் எனக்குக் கை கழுவிவிட்டு அப்போதே நாலைந்து வருடம் ஆகியிருக்கும். செல்லம் கொடுக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் ஆரம்பாக்கம் போகவில்லை.

பெரியப்பா தன் வீட்டிலும் அதே கதையைத்தான் சொன்னார். சேற்றுப் பாட்டில் நின்று அந்தப் பருவம் முழுக்கப் பாசி அள்ளினார். "எது யாருதுன்னு தெரியாம போடுறவன் ஒரு ஆம்பள" என்று பெரியம்மா தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் தலையைக் குனிந்து தின்றுவிட்டுப் போவார்.

அடுத்த வருடம் சீட்டுக்கு அம்மா இந்தக் குண்டைத்தான் எங்கள் அடையாளமாகக் கொடுத்தாள். வாசலில் நின்ற பெரியப்பா கைநீட்டி வாங்கினார். வாங்கியவர், நேராக வாய்க்குக் கொண்டுபோய் ஒரு கடி கடித்தார். கடித்துக்கொண்டே அப்படியே நின்றுவிட்டார். அவர் பல்லும் அந்தப் பள்ளமும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. இப்படிக் கடித்துவிட்டுப் போடுகிறவருக்குக் கை எப்படி மாறும்? போச்சு, எல்லாம் போச்சு, இன்றைக்கே அம்மா மூட்டை கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். பெரியப்பா மெதுவாகக் குண்டை வாயிலிருந்து எடுத்தார். துண்டில் துடைத்தார். முகம் அசையவில்லை, எல்லோர் வீட்டுக் குண்டையும் அப்படித்தான் கடித்துப் பார்ப்பது என்பதுபோல.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ஈயம் மாமா. வவுத்துக்கு ஆவாது" என்றாள். அவர் "ஆங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை, தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில், எனக்கு வேலை கிடைத்த வருடம், பெரியப்பா இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியம்மா அந்த நீலப் பொத்தானைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். "உன் வூட்டுக்காரரு பொத்தான். கை மாறிப்போச்சுனு எங்கூட்டுல கிடந்துது. கடைசி வரைக்கும் வெவரம் பத்தாத மனுசன்" என்று சொல்லி அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். 

பெரியம்மா போன பிறகு என்னால் தாங்க முடியவில்லை. பொத்தானைப் போட்டது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும். அன்னிக்கு உன் உள்ளங்கையில வட்டமா மஞ்சள் ஒட்டியிருந்துது. நம்மூட்டுல அந்தப் பொத்தானத் தவிர எதுல இருந்துது மஞ்சள்?"

"அப்போ ஏன் போகல? அவரு போட்டாலும் வாணாம்னு சொன்னியே?"

"சொன்னேன். அத்தினி பேரு முன்னாடி அந்த மனுசன் பொய் சொல்லிட்டு வந்திருக்காரு. வாயத் தொறந்தா பொய் சொல்லத் தெரியாத நீ, மூச்சு முட்ட நின்னு பொய் சொல்ற. நான் எழுந்து போயிட்டா உங்க ரெண்டு பேருக்கும் இன்னா மருவாதி?" என்றாள். பிறகு, "எனக்கும்தான் வேற போக்கு இல்ல" என்றாள்.

பெரியம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவரே சொல்லவில்லை, நாம் யார் சொல்ல என்றுவிட்டாள். எனக்கு அது இன்றைக்கும் சரியென்று படவில்லை. புருஷனை விவரம் பத்தாதவன் என்று நினைத்துக்கொண்டே பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அம்மா பேச்சை மீறி நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

இப்போது அம்மாவும் இல்லை. நாடகம் முடிந்ததும் என் மகள், "அந்தத் தாத்தா எப்படி நடிக்கிறார் பாரு. எதிரில் உட்கார்ந்திருக்கிற பொண்ணுதான் ஒண்ணுமே பண்ணல" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. முள் எடுக்கும் இடத்தை மறுபடி போடச் சொன்னேன். இந்த முறை கிழவரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சோற்றில் முள் விழுந்ததும் அவள் பார்த்துவிடுகிறாள். பார்த்துவிட்டு, தண்ணீர்ச் சொம்பு எங்கே என்று தேடுகிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் கடைசி முள்ளையும் எடுத்து முடிக்கும் வரை அவளுக்குச் சொம்பு கிடைப்பதில்லை. சொம்போ அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவருக்காக அவள் தேடுகிறாள், அதற்கு இடம்விட்டுத்தான் அவர் அவ்வளவு மெதுவாக எடுக்கிறார். அந்த நடிகர் பெரிய ஆள்தான்.

மகளிடம் சொம்பைக் காட்டினேன். அவள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றாள். நான் எழுந்து போய் டிராயரைத் திறந்து ஈயக்குண்டை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, எலி கடிச்சுதா?" என்றாள்.

உட்காரச் சொல்லி, பெரியம்மாவிடம் சொல்லாமல் விட்டதை அவளிடம் முதலிலிருந்து சொன்னேன்.