மோட்டார் வாயை மூடிய கதை

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி துவைக்கும் மிஷின்களை ஓட்டுகிறவருக்கு மோட்டார் என்று பெயர் வந்தது மிஷினால் அல்ல, வாயால். வாரம் ஒருநாள் மதியம் எல்லோரும் துணிமூட்டைகள்மேல் உட்கார்ந்து, எந்தக் கறையை எப்படி எடுப்பது என்று பேசுவோம். பேசுவோம் என்பது மரியாதைக்கு. மோட்டாரும் இஸ்திரி அக்காவும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள், நாங்கள் கேட்டுக் கற்றுக்கொள்வோம். துணி மடிக்கிற எனக்கு அதைவிட்டால் வேறு பள்ளிக்கூடம் ஏது?

பிறகு யார் கண் பட்டதோ, அக்காவின் மகனுக்கு மோட்டாரின் மகளைக் கட்டிவைத்தார்கள். அவ்வளவுதான், மனிதர் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார்.

"துருக்கறைக்கு பிளீச் ஊத்துங்க" என்பாள் அக்கா.

"சம்பந்தியம்மா சொன்னா சரிதான்."

"மைக்கறை மேல இஸ்திரி போட்டா போயிடும்."

"சம்பந்தியம்மா சொன்னா சரிதான்."

இரண்டுமே கறையை ஒட்டவைக்கிற வழி என்று எனக்கே தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை இல்லாத கூட்டத்துக்கு எவன் வருவான்? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருநாள் அவரைத் தனியாக மடக்கினேன்.

"ஏண்ணே, நாக்கை அடகு வச்சுட்டீங்களா?"

"நீ வேறம்மா. நான் இங்க ஒண்ணு சொன்னா, அந்தம்மா வீட்டுக்குப் போய் என் பொண்ணுகிட்ட ஒம்பதாத் திருப்பும். பொண்ணைக் குடுத்தவன் வாயை மூடிக்கணும்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. பாவமாகவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

போன வாரம் அக்கா உச்சத்துக்கே போனாள். "ரத்தக்கறையா? கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்துங்க!"

புதிதாகச் சேர்ந்த பெண் அதை நம்பி, ஆபரேஷன் அறை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வெந்நீர்க் குழாய்க்கு ஓடினாள். மோட்டார் மூட்டையைவிட்டு எழுந்தார்.

"சம்பந்தியம்மா சொன்னா..." என்று ஆரம்பித்தவர் தாங்க முடியாமல் வெடித்துவிட்டார். "ஐயோ, நில்லு! வெந்நீர் பட்டா ஏழு ஜென்மத்துக்கும் போகாது! பச்சத்தண்ணி, பச்சத்தண்ணி! இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் என்னத்தைக் கிழிச்சீங்க?"

கத்திவிட்டு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். மகள் பெட்டியோடு திரும்பி வந்து நிற்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "சம்பந்தியம்மா, என் பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டார்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"உங்க பொண்ணையா? நானா? தினம் அவகிட்ட வாய் குடுத்துத் தோத்துட்டுத்தான் வேலைக்கே வரேன். இங்க உங்களையாவது ஜெயிக்கலாம்னு வேணும்னே உளறி உளறி சண்டைக்கு இழுக்கறேன், நீங்க என்னடான்னா சரிதான் சரிதான்னு உயிரை வாங்குறீங்க!"