கையில் இல்லாததை விற்றவன்

அந்த இணைய அரங்கில் நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. மலாக்காவில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். ஆபீசுக்கு இன்டர்நெட் வந்த புதிதில், பங்கு வாங்கி விற்பவர்கள் கூடிச் சண்டை போடும் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. நான் சீனப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டேன். பங்கு விஷயத்தில் தமிழன் பேச்சை எவன் மதிப்பான் என்ற நினைப்புதான்.

எங்கள் லோரிகள் சரக்கு ஏற்றும் பலகைக் கம்பெனி ஒன்றில் வேலை படுத்துவிட்டது. வாரக்கணக்கில் லோரிகள் வெறுமனே திரும்பி வந்தன. பங்கு விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. நான் தரகரைப் பிடித்து, என் கையில் இல்லாத அந்தப் பங்கை இரவல் வாங்கி விற்றேன். விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம், மிச்சம் நமக்கு. விற்ற பிறகுதான், அந்தக் கம்பெனி தேறாது என்று அரங்கில் எழுதினேன்.

ஒருவன் பாய்ந்து வந்தான். அவனும் சீனப் பெயர்க்காரன். இல்லாததை விற்றுவிட்டு விலையை இறக்கப் பார்க்கிறாய், ஆதாரம் இருந்தால் காட்டு என்று எழுதினான். லோரி விவரத்தைக் காட்டினால் என் வேலை போய்விடும். ஆத்திரத்தில் கண்டபடி திட்டினேன். இரண்டு வாரம் அரங்கே நாறிப்போனது. எல்லாரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சுட்ட மீன் சாப்பிட மச்சான் கடலோரம் உம்பாய்க்கு அழைத்துப் போனார். என் மனைவியின் அண்ணன். செலண்டார் பக்கம் அவர் குடும்பம் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்கப்போகிறார், அங்கே கூலிக்காரர் லயத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு டவுனில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் காசு சேர்த்தவர். அவர் பங்கு வாங்குவதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இன்டர்நெட்ல ஒரு சீனன் மாப்ளே, பொய்யா அவுத்து விடுறான். ஆதாரம் காட்டுன்னு கேட்டா ஏசுறான். அந்த ரோஷத்துல வீட்டுக் காசு பூராவும் அந்தப் பலகைக் கம்பெனியிலயே போட்டுட்டேன். நானும் சீனப் பேருதான் வச்சிருக்கேன். இல்லன்னா எவன் மதிக்கிறான்?" என்று சிரித்தார்.

வித்துருங்க மச்சான், அது நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அடுத்து அவர் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். அப்ப நீங்க இல்லாததை வித்தது உண்மைதானா? அதற்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. "பாத்துச் செய்யுங்க மச்சான்," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் கம்பெனியை இழுத்து மூடினார்கள். எனக்கு லாபம்தான்.

மாமனாரும் மாமியாரும் லயத்தைக் காலி செய்த அன்று, சாமான் ஏற்ற எங்கள் கம்பெனி லோரியைக் கொண்டுபோனேன். இரண்டு பேரும் மச்சானின் ஓர் அறை வாடகை வீட்டுக்குப் போகிறார்கள். மச்சான் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"அந்தச் சீனன் சொன்னது உண்மைதான் மாப்ளே. யாரோ எவனோன்னு நம்பாம விட்டுட்டேன். நம்ம ஆளு ஒருத்தன் சொல்லிருந்தா கேட்டிருப்பேன்லா."

நான் கட்டிலின் மறுபக்கத்தைத் தூக்கினேன்.